பரம்பரைக் கிறிஸ்தவர் போன வருஷம் 'இரட்சிக்கப்பட்டது' எப்படி?

கேள்வி இது: “என்னோடு வேலை பார்க்கும் நண்பர் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர். தாத்தா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலில் உபதேசியாராக இருந்தவர். இப்போது இவர் வேறொரு சுவிசேஷ சபைக்குப் போகிறார். ‘போன வருஷம்தான் நான் இரட்சிக்கப்பட்டேன்’ என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் எடுக்கிறாராம், என்னையும் கூப்பிட்டிருக்கிறார். நான் இந்து. இந்தச் சபைக்காரர்கள் உண்மையில் நம்புவது என்ன? சி.எஸ்.ஐ.க்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?”

உங்கள் நண்பர் சொன்ன அந்த ஒரு வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

எந்தச் சுவிசேஷ சபைக்குப் போனாலும் ‘எங்கள் விசுவாசம்’ என்று பத்துப் பன்னிரண்டு வரிகள் அச்சடித்து வைத்திருப்பார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் திரியேக தேவன். இயேசு கன்னியிடம் பிறந்தார், சிலுவையில் மரித்தார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார், மறுபடி வருவார். வேதம் தேவனுடைய வார்த்தை என்று போகும். அதை வரிசையாகப் படித்தால் உங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. அதில் பாதிக்கு மேல் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., சிரியன் கிறிஸ்தவர் எல்லோரும் ஒப்புக்கொள்வதுதான். 325இல் நிசேயா என்ற ஊரில் கூடிய ஆயர்கள் எழுதிய விசுவாச அறிக்கையை இவர்களில் யாரும் மறுப்பதில்லை. எந்த வரியின்மேல் பாரத்தை ஏற்றுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். சுவிசேஷ சபைக்காரர் பாரம் ஏற்றுவது ஒரே இடத்தில்: யாரும் கிறிஸ்தவராகப் பிறப்பதில்லை. மற்றதெல்லாம் இந்த ஆணியில்தான் தொங்குகிறது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்து, கைக்குழந்தையிலேயே தலையில் தண்ணீர் தெளிக்கப்பட்டு, இருபத்திரண்டு வயதில் உங்கள் நண்பர் போகிற மாதிரி ஒரு சபைக்கு மாறியவன். ரொம்ப வருஷமாக அங்கே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். உள்ளே இருந்து பேசுகிறவனின் சாய்வு இருக்கத்தான் செய்யும், அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

முதலில் பெயர். ‘சுவிசேஷம்’ என்றால் நல்ல செய்தி. கிரேக்கத்தில் ‘எவாங்கெலியோன்’. கத்தோலிக்கர் ‘நற்செய்தி’ என்பார்கள், பொருள் ஒன்றே. இந்தப் பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பெயரிலும் ‘சுவிசேஷ’ இருக்கிறது. அது ஜெர்மன் வழக்கப்படி வந்தது. அங்கே அந்தச் சொல்லுக்கு ‘லூத்தர் வழி வந்த, கத்தோலிக்கர் அல்லாத’ என்பதுதான் பொருள் (லூத்தர், 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க சபையை எதிர்த்துப் பிரிந்த ஜெர்மானியர்). நாம் இங்கே பேசுவது 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழும்பி, பிறகு உலகம் முழுக்கப் பரவிய ஓர் இயக்கத்தைப் பற்றி. அது தனி ஒரு சபை அல்ல. பாப்டிஸ்டு, பிரதரன், மெதடிஸ்டு, ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தது), யாருடைய பெயரையும் சொல்லிக்கொள்ளாத தனிச் சபைகள் என்று பல வீடுகளுக்குள் ஓடுகிற ஒரே குடிநீர்க் குழாய் மாதிரி. சி.எஸ்.ஐ.க்குள்ளேயும் அது ஓடுகிறது. உங்கள் நண்பரின் தாத்தாவே இதே நம்பிக்கைக்காரராக இருந்திருக்கலாம், உபதேசியார்களில் அப்படிப் பலர் உண்டு.

சரி, ‘இரட்சிக்கப்பட்டேன்’. இதன் ஊற்று யோவான் எழுதின சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரம். நிக்கொதேமு என்று ஒருவர், வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிற பரிசேயர் என்ற பிரிவைச் சேர்ந்தவர், யூதர்களுக்கு அதிகாரி. இயேசுவே அவரை ‘இஸ்ரவேலில் போதகன்’ என்கிறார். அப்படிப்பட்டவர் இராத்திரியில் வந்து இயேசுவைப் பார்க்கிறார். அவரிடம்தான் இயேசு சொல்கிறார்: “ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான்.” குடிகாரனிடமோ கொள்ளைக்காரனிடமோ சொல்லவில்லை, வேதத்தைக் கரைத்துக் குடித்த ஆளிடம் சொல்கிறார். சுவிசேஷ சபைப் பிரசங்கியார் எவரும் இதைச் சுட்டிக்காட்டாமல் விடமாட்டார். அவருக்கே இது தேவை என்றால், மூன்று தலைமுறைக் கிறிஸ்தவருக்கும் தேவை.

இங்கே தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘மறுபிறப்பு’ என்றதும் உங்களுக்கு ஏழேழு ஜென்மம் ஞாபகத்துக்கு வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் வழக்கில் மறுபிறப்பு என்பது தப்பிக்க வேண்டிய ஒன்று. இவர்கள் வழக்கில் அடைய வேண்டிய ஒன்று. செத்தபின் நடப்பதும் அல்ல. உயிரோடு இருக்கையிலேயே, ஒரு மனுஷன் தன் பாவத்தை ஒப்புக்கொண்டு, இயேசு தனக்காக மரித்தார் என்று நம்பி, தன்னை அவரிடம் ஒப்புக்கொடுக்கிற அந்த நேரத்தில் ஆவியானவர் அவனுக்குள் புது வாழ்வைத் தொடங்குகிறார் என்பதுதான் உபதேசம். அதற்குத்தான் ‘இரட்சிப்பு’ என்று பெயர்.

இதற்குச் சரித்திரத்தில் எடுப்பான உதாரணம் ஜான் வெஸ்லி. அப்பா ஆங்கிலிக்கன் குரு. இவரும் ஆக்ஸ்போர்டில் படித்து 1728இல் குருப்பட்டம் வாங்கியவர், கப்பலேறி அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனெரியாகவே போனவர். போகிற வழியில் புயல். ஆங்கிலேயர்கள் அலறிக்கொண்டிருக்க, மொராவியர் என்ற ஜெர்மானியக் கூட்டத்தார் பெண்டு பிள்ளைகளோடு அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். வெஸ்லிக்கு உறைத்தது: இவர்களிடம் இருப்பது என்னிடம் இல்லை. தோற்றுப்போன ஆளாக லண்டன் திரும்பினார். 1738 மே 24 சாயங்காலம், ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சின்னக் கூட்டம். பைபிளில் உள்ள ரோமர் நிருபத்துக்கு (நிருபம் என்றால் கடிதம்) லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய எட்டே முக்கால் மணிக்குத் தன் உள்ளம் வினோதமாகச் சூடேறியது என்று வெஸ்லி நாட்குறிப்பில் எழுதினார். குருவாகிப் பத்து வருஷம் கழித்து! உங்கள் நண்பர் ‘போன வருஷம்தான்’ என்பதைக் கேட்டு ஆச்சரியப்பட்டீர்கள் அல்லவா, இந்த இயக்கத்தின் மூத்த தலைவர்களில் ஒருவருக்கே அப்படித்தான் நடந்தது.

இது ஏதோ சமீபத்தில் அமெரிக்கா ஏற்றுமதி செய்த சரக்கு என்று நம் ஊரில் நினைக்கிறவர்கள் உண்டு. பாதிதான் சரி. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் படித்தவர். ‘பெயரளவுக்கு ஞானஸ்நானம் வாங்கினால் போதாது, உள்ளம் மாற வேண்டும்’ என்று போதித்துக்கொண்டிருந்த பக்தி இயக்கத்தின் மையம் அது. வெஸ்லி பிறந்து மூன்று வயதாக இருக்கும்போதே அந்த எண்ணம் தமிழ்க் கரைக்கு வந்துவிட்டது. 1715க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகியும் விட்டது.

இப்போது அந்த நல்ல செய்தியின் உள்ளடக்கம். அது கெட்ட செய்தியில் இருந்துதான் தொடங்கும். “எல்லாரும் பாவஞ்செய்து, தேவமகிமையற்றவர்களாகி” என்பது ரோமர் 3:23. ஞாயிறு பள்ளியில் ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூட மனப்பாடம். இங்கே பாவம் என்பது கொலை, களவு மட்டும் அல்ல. தேவனை ஒதுக்கி வைத்துவிட்டுத் தன்னையே நடுவில் வைத்துக்கொள்கிற சுபாவம். அதனால்தான் நல்லவர், கெட்டவர் என்ற பிரிவு இந்த உபதேசத்தில் பெரிதாக எடுபடாது. உங்களுக்கு உடனே ஒரு கேள்வி எழும்: என் தாத்தா ஒரு ஈ எறும்புக்குத் துரோகம் செய்யாதவர், ஊருக்கெல்லாம் சோறு போட்டவர், அவருக்குப் புண்ணியம் கிடையாதா? இவர்கள் கணக்கில் புண்ணியக் கணக்கு என்ற பேரேடே கிடையாது. “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு” என்று எபேசியர் 2:8 சொல்கிறது. ஈவு என்றால் இலவசம். சம்பாதிக்க முடியாது. நல்லவருக்கு இது எரிச்சலைத் தரும், கெட்டுப்போனவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

‘விசுவாசம்’ என்ற சொல்லும் உங்களைக் குழப்பும். வெளியே நாம் நாய்க்குத்தான் விசுவாசம் என்போம், எஜமானுக்கு நன்றியோடு இருப்பது. சபையில் அதற்கு நம்பிக்கை என்று பொருள். வெறும் ஒப்புதலும் அல்ல. இந்த பஸ் திருச்செந்தூர் போகும் என்று தெரிந்து வைத்திருப்பது ஒன்று, ஏறி உட்காருவது இன்னொன்று. பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு எல்லா பஸ் நேரமும் சொல்லத் தெரிந்த ஆள் மாதிரிதான் பெயர்க் கிறிஸ்தவன் என்று எங்கள் மூப்பர் ஒருவர் சொல்வார். கொஞ்சம் கடுமைதான், ஆனால் என்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

அப்படியானால் இஷ்டத்துக்கு வாழ்ந்துவிட்டுக் கடைசியில் ‘நம்புகிறேன்’ என்றால் போதுமா? இது ரோமர் நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுலின் காலத்திலேயே கேட்கப்பட்ட கேள்வி. சிலுவையில் இயேசுவோடு தொங்கிய கள்ளனுக்குக் கடைசி மணி நேரத்தில் கிடைத்தது உண்மை. ஆனால் யாக்கோபு தன் நிருபத்தில், கிரியைகள் (செயல்கள்) இல்லாத விசுவாசம் தன்னிலேதானே செத்தது என்று அடித்துச் சொல்லிவிட்டார். மரம் உயிரோடு இருந்தால் காய்க்கும். காய்த்ததால் உயிர் வந்ததல்ல. ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் அதை இழக்க முடியுமா என்பதில் மட்டும் இவர்களுக்குள் ஒத்துப்போகாது. 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர் கால்வினின் வழியார் முடியாது என்பார்கள், வெஸ்லி வழியார் முடியும் என்பார்கள். டீக்கடை வரைக்கும் நீள்கிற சண்டை அது, நீங்கள் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சிலுவைக்கு ஏன் இவ்வளவு இடம்? மற்ற சபைகளிலும் சிலுவை உண்டு, ஆனால் இங்கே பாட்டு, ஜெபம், பிரசங்கம் எதுவானாலும் கடைசியில் ‘இரத்தம்’ என்ற சொல்லில் வந்து நிற்கும். வெளியாருக்கு அது கொஞ்சம் திடுக்கென்று இருக்கும். காரணம் பதிலாள் என்ற எண்ணம். “நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு, நம்முடைய அக்கிரமங்களினிமித்தம் அவர் நொறுக்கப்பட்டார்” என்று ஏசாயா 53இல் இருப்பதை இயேசுவைப் பற்றியது என்று எடுத்துக்கொள்கிறார்கள். தேவன் சும்மா மன்னித்துவிட்டால் என்ன என்று கேட்டால், கடனைத் தள்ளுபடி செய்தாலும் அந்த நஷ்டத்தை யாரோ ஒருவர் தன் தலையில் ஏற்றுக்கொள்ளத்தானே வேண்டும் என்பார்கள். அதை தேவனே குமாரனில் ஏற்றுக்கொண்டார். கோபக்காரத் தகப்பன் அப்பாவி மகனை அடித்தார் என்கிற மாதிரி சிலர் பிரசங்கித்துவிடுகிறார்கள்; அது உபதேசத்தின் கோளாறு அல்ல, பிரசங்கியாரின் கோளாறு என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது வேதம். 66 புத்தகங்கள், பழைய ஏற்பாட்டில் 39, புதியதில் 27. கத்தோலிக்கர் பைபிளில் 73. எண்ணிக்கையைவிட அதிகாரம்தான் விஷயம்: விசுவாசத்திலும் வாழ்க்கையிலும் கடைசித் தீர்ப்பு வேதத்துடையது, போதகருடையதோ பாரம்பரியத்துடையதோ அல்ல. இதைச் சொல்வது சுலபம். எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிய என் அம்மாவின் பைபிளைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். தோல் அட்டை போய், காலண்டர் அட்டையால் பைண்டு செய்தது. வாக்குத்தத்தத்துக்கு, அதாவது தேவன் கொடுத்த வாக்குக்கு, சிவப்புப் பென்சில், கட்டளைக்கு நீலப் பென்சில். ஓரத்தில் தேதிகள். சங்கீதம் 91க்குப் பக்கத்தில் என் தம்பி டைபாய்டு காய்ச்சலில் கிடந்த மாதம். ஏசாயா 41:10க்கு எதிரே நான் வேலை இல்லாமல் இருந்த வருஷம். புது வருஷ இராத்திரி ஆராதனையில் வசன அட்டை எடுப்பார்கள், அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்தம். அந்த அட்டைகள் எல்லாம் உள்ளே செருகியிருக்கும். அம்மா எட்டாவது வரைக்கும்தான் படித்தார். போதகர் தப்பாக ஒரு வசனத்தை எடுத்துச் சொன்னால், கூட்டம் முடிந்து வாசலில் நின்று, “ஐயா, அது அப்படி இல்லையே” என்று சொல்லுவார். வேதமே அதிகாரம் என்ற உபதேசத்தின் நடைமுறை அதுதான்.

வேதத்தில் பிழையே இல்லையா என்பதில் உள்ளுக்குள் இரண்டு பக்கம். மூலத்தில் சரித்திரம், விஞ்ஞானம் உள்பட எதிலும் பிழையில்லை என்று 1978இல் சிகாகோவில் கூடி அறிக்கை வெளியிட்டவர்கள் ஒரு பக்கம். இரட்சிப்புக்குத் தேவையான எதிலும் அது வழிதவற விடாது, அவ்வளவு போதும் என்பவர்கள் மறுபக்கம். ஆதியாகமத்தின் ஆறு நாளும் 24 மணி நேர நாளா என்று கேட்டால் ஒரே பெஞ்சில் இருவர் இரண்டு பதில் சொல்வார்கள். தமிழ்நாட்டுச் சபைகளில் பெரும்பாலும் முதல் பக்கம்தான்.

இன்னொன்று, அங்கே பேசும் தமிழ் உங்களுக்கு வினோதமாகப் படும். ‘பிரதியுத்தரம்’, ‘மெய்யாகவே மெய்யாகவே’, ‘சம்பவிக்கும்’. எல்லோரும் கையில் வைத்திருப்பது 1871இல் ஹென்றி பவரின் தலைமையில் முடிந்த மொழிபெயர்ப்பு. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய எழுத்துத் தமிழ் இவர்கள் நாக்கில் அப்படியே நிற்கிறது. எளிய தமிழில் புது மொழிபெயர்ப்புகள் வந்தும், மனப்பாடம் செய்ததை யாரும் விடுவதாக இல்லை.

இனி உங்கள் நண்பரின் ஞானஸ்நானம். இதில்தான் குடும்பங்கள் உடைகின்றன, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சி.எஸ்.ஐ.யில் குழந்தைக்குக் கொடுப்பார்கள். பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பிள்ளைக்காக வாக்குக் கொடுப்பார்கள். வளர்ந்தபின் அதைத் தானே ஏற்றுக்கொண்டு ‘திடப்படுத்தல்’ எடுத்து, அதன்பின் திருவிருந்தில் சேர்வது என்பது ஒழுங்கு. தேவனுடைய கிருபை மனுஷனை முந்திக்கொள்கிறது, குழந்தை அறியும் முன்னரே அது வந்து நிற்கிறது என்பது அதற்குப் பின்னால் உள்ள எண்ணம். மோசமான எண்ணம் அல்ல, ஆழமானது. உங்கள் நண்பரின் சபை வேறு மாதிரி யோசிக்கிறது: மறுபடியும் பிறந்தவனுக்குத்தான் ஞானஸ்நானம், அதுவும் மூழ்கித்தான். தண்ணீருக்குள் போவது பழைய மனுஷனின் அடக்கம், வெளியே வருவது உயிர்த்தெழுதல் என்று ரோமர் 6ஐ எடுத்துக் காட்டுவார்கள். குழந்தையாக இருந்தபோது நடந்தது ஞானஸ்நானமே அல்ல என்பதால், இப்போது எடுப்பது ‘இரண்டாவது’ அல்ல, முதலாவது. சி.எஸ்.ஐ.யோ மறு ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. கைக்குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் நின்ற அப்பாவின் காதில் ‘அது செல்லாது’ என்று மகன் சொல்வது எப்படி விழும் என்று நினைத்துப் பாருங்கள். என் அப்பா ஞானஸ்நான ஆராதனைக்கு வரவில்லை. நாலு மாதம் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை.

சுவாரசியம் என்னவென்றால், இரண்டு கட்சிக்கும் ஒரே வசனம் கைகொடுக்கிறது. அப்போஸ்தலர் 16இல் பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் அந்த இராத்திரியே தன் வீட்டார் அனைவரோடும் ஞானஸ்நானம் பெறுகிறான். ‘வீட்டார் என்றால் குழந்தைகளும்தானே’ என்பது ஒரு பக்கம். ‘வீட்டார் எல்லோரும் வசனத்தைக் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறதே, கைக்குழந்தை கேட்குமா’ என்பது மறுபக்கம். இருபதாம் நூற்றாண்டின் சுவிசேஷத் தலைவர்களில் மிகவும் மதிக்கப்பட்ட ஜான் ஸ்டாட் ஆங்கிலிக்கன் குரு, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபையைச் சேர்ந்தவர். ஆகவே மூழ்குவது சுவிசேஷ நம்பிக்கையின் மையம் அல்ல, அதன் ஒரு கிளையின் முறை. இதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அப்பாவிடம் கொஞ்சம் பதமாகப் பேசியிருப்பேன்.

சபை அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா விசுவாசிகளும் ஆசாரியர்களே (குருக்களே) என்பது லூத்தர் காலத்து உபதேசம். பிரதரன் சபைகள் அதை ஒரு படி மேலே கொண்டுபோய், பட்டம் பெற்ற போதகரே இல்லாமல் மூப்பர்களை வைத்து நடத்துகிறார்கள். ஞாயிறு காலை அப்பம் பிட்கும்போது எந்தச் சகோதரனும் எழுந்து ஜெபிக்கலாம், பாட்டுக் கொடுக்கலாம். ஒரே அப்பம் கை மாறிப் போகும், ஆளாளுக்குப் பிட்டு எடுப்பார்கள். அந்த அப்பம் கிறிஸ்துவின் சரீரமாகவே மாறிவிடுகிறது என்பது கத்தோலிக்க நம்பிக்கை. இவர்களுக்கு அது நினைவுகூருதல். ஆனால் அந்தப் பத்து நிமிஷ அமைதியைப் பார்த்தால் ‘வெறும்’ நினைவுகூருதல் என்று சொல்ல மனம் வராது.

இயேசு திரும்ப வருவார் என்பது எல்லோருக்கும் பொது. எப்போது, எந்த வரிசையில் என்பதில்தான் சுவர் நீளத்துக்கு வரைபடங்கள். சபை முதலில் இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும், பிறகு ஏழு வருஷ உபத்திரவம், பிறகு ஆயிரம் வருஷ அரசாட்சி என்கிற வரிசை 19ஆம் நூற்றாண்டில் ஜான் டார்பி என்பவரால் பரவியது. அதை ஏற்காத சுவிசேஷ சபைகள் நிறைய. தேதி குறிக்கிற ஆளைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். 1844 அக்டோபர் 22ஐக் குறித்து, அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்து அழுத கதையெல்லாம் நடந்து முடிந்தாயிற்று.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்காத, ஆனால் மனதில் இருக்கும் கேள்வி: நான் இந்து, என் கதி என்ன என்று நினைக்கிறார்கள்? மழுப்பாமல் சொல்கிறேன். இயேசு ஒருவராலேயே இரட்சிப்பு என்பதில் சமரசம் கிடையாது. “நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்” என்று யோவான் 14:6இல் தொடங்கும் வசனத்தை உள்ளபடியே எடுத்துக்கொள்கிறார்கள். எல்லா நதியும் கடலைத்தான் சேரும் என்று நீங்கள் சொன்னால் உங்கள் நண்பர் சிரித்துக்கொண்டே மறுப்பார். நரகமும் நம்பிக்கைப் பட்டியலில் உண்டு. அது முடிவில்லாத வேதனையா, அல்லது கடைசியில் இல்லாமல் போவதா என்பதில் பெரும்பான்மை முதலாவதைச் சொல்லும். ஸ்டாட் 1988இல் இரண்டாவதன் பக்கம் தயக்கத்தோடு சாய்ந்தபோது பெரிய அமளி ஆனது. சுவிசேஷத்தைக் கேள்விப்படாமலே செத்தவர்களைப் பற்றி, ‘நீதியுள்ள நியாயாதிபதி பார்த்துக்கொள்வார்’ என்று நிறுத்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் தாத்தாவைப் பற்றிக் கேட்டால் நானும் அங்கேதான் நிறுத்துவேன்.

உங்களை ஏன் கூப்பிட்டார் என்பதும் இதில் வந்துவிடுகிறது. உயிர் போகிற விஷயம் என்று ஒருவன் உண்மையாக நம்பினால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. 1903இல் பாளையங்கோட்டையில் அசரியா முதலானோர் இந்தியர் பணத்தில், இந்தியர் நிர்வாகத்தில், இந்திய மிஷனெரிகளை அனுப்ப ஒரு சங்கம் தொடங்கினார்கள். வெள்ளைக்காரன் காசு ஒரு பைசா வேண்டாம் என்பது கொள்கை. தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் ஆள் அனுப்பினார்கள். அசரியா பிறகு 1912இல் அங்கேயே பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய பிஷப். ஆனால் சொல்வது வேறு, துரத்துவது வேறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவரிடம் கைப்பிரதியைத் திணிக்கிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன், கூசிப்போயிருக்கிறேன்.

ஆத்துமாவை மட்டும் பார்ப்பார்கள், வயிற்றைப் பார்க்க மாட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் பழையது. அடிமை வியாபாரத்தை எதிர்த்து 1807இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் சட்டம் வரக் காரணமான வில்பர்போர்ஸ் இந்தக் கூட்டத்து ஆள்தான். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் சமூகப் பணி என்றாலே சந்தேகமாகப் பார்க்கிற நிலை வந்தது உண்மை. 1974இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரஹாம் கூட்டிய மாநாட்டில், 150 நாடுகளைச் சேர்ந்த 2,000க்கும் மேற்பட்டவர்கள் கூடியபோது, லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த ரெனே பதில்லா, சாமுவேல் எஸ்கோபார் போன்றவர்கள் இதைப் போட்டு உடைத்தார்கள். அங்கே எழுதிய உடன்படிக்கையில் 15 பகுதிகள். ஐந்தாவது பகுதியில், சமூகப் பொறுப்பைப் புறக்கணித்ததற்காக வெளிப்படையாகவே மனம் வருந்தியிருக்கிறார்கள். இயக்கம் தன் தவறை எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

மையத்தைச் சேராத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், அவற்றைத்தான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் முதலில் பார்க்கிறார்கள். அந்நியபாஷை (ஆவியின் ஏவுதலால் தனக்கே தெரியாத மொழி) பேசுவது பெந்தெகொஸ்தே சபைகளின் அடையாளம்; மற்ற சுவிசேஷ சபைகளில் பல அதை ஏற்பதில்லை. நகையைக் கழற்றுவது, வெள்ளை உடுத்துவது சில பெந்தெகொஸ்தே சபைகளின் ஒழுங்கு. தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) பல சபைகளில் வற்புறுத்தப்படும், ஆனால் விசுவாசப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. காணிக்கை போட்டால் கடன் தீரும், விசுவாசம் இருந்தால் வியாதியே வராது என்கிற செழிப்பு உபதேசத்தை லோசான் வழி வந்தவர்கள் எழுத்திலேயே கண்டித்திருக்கிறார்கள். டிவியில் அதிகம் சத்தம் போடுவது அதுதான் என்பது எங்கள் துரதிர்ஷ்டம்.

‘எப்போது இரட்சிக்கப்பட்டீர்கள்’ என்று தேதி கேட்கிற பழக்கமும் அப்படித்தான். உங்கள் நண்பருக்குத் தேதி இருக்கிறது. எனக்கு இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. முதல் முறை சபையில் சாட்சி சொல்ல, அதாவது நான் இரட்சிக்கப்பட்ட கதையைச் சொல்ல, எழுந்தபோது தேதி இல்லாத வெட்கத்தில் ஒன்றை இட்டுக்கட்டிச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் மூப்பரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, “இப்போ உயிரோட இருக்கியா, அதைச் சொல்லு. பிறந்த சர்டிபிகேட் யாரு கேட்டா?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தாராளமாகப் போய் வாருங்கள். செருப்பை வாசலில் விடச் சொல்வார்கள், சில இடங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அப்பம் உங்களிடம் வந்தால் எடுக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். விசுவாசிகளுக்கு மட்டும் என்று அவர்களே அறிவிப்பார்கள். காணிக்கைத் தட்டு வந்தாலும் அப்படியே. கையை உயர்த்துங்கள் என்றால் உயர்த்த வேண்டிய கட்டாயம் இல்லை. தண்ணீருக்குள் இறங்கும் முன் உங்கள் நண்பர் இரண்டு நிமிஷம் சாட்சி சொல்வார். நான் இத்தனை பத்தியில் சொன்னதை அவர் தன் கதையாகச் சொல்லிவிடுவார், அதைக் கவனமாகக் கேளுங்கள். பிறகு போதகர் விசுவாசிக்கிறாயா என்று கேட்பார், இவர் ஆம் என்பார், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் மல்லாக்கச் சாய்த்து முழுக்காட்டித் தூக்குவார், எல்லோரும் பாடத் தொடங்குவார்கள். யாராவது துண்டோடு நிற்பார்கள். தொட்டிக்கு ரொம்பப் பக்கத்தில் மட்டும் உட்காராதீர்கள், நண்பர் கொஞ்சம் கனமான ஆள் என்றால் முன்வரிசை முழுக்க நனைந்துவிடும்.